நிக்காது, போங்க

என் வீட்டுக்காரருக்கு இந்தத் தெருவில் 'விசாரணை' என்று பெயர். கார் மெக்கானிக். வண்டி ஓடவில்லை என்று யார் வந்து நின்றாலும் உடனே பானட்டைத் திறக்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு வந்தவரை உட்கார வைத்து, "நேத்து என்ன பண்ணீங்க?" என்று ஆரம்பிப்பார். எங்கே போனீங்க, யார் ஓட்டினாங்க, தண்ணியில இறங்குச்சா, வேற யாராவது கை வெச்சாங்களா. எல்லாரும் முதலில் "ஒண்ணுமே பண்ணலியே" என்பார்கள். அவரும் தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்பார். காரை ரிப்பேருக்கு விட வந்தவர்கள் வீட்டுச் சண்டை வரைக்கும் கக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஷெட்டை ஒட்டித்தான் எங்கள் சமையலறை ஜன்னல். எனக்குப் பொழுது போவதே அதில்தான்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. வயரைச் சேர்த்து டேப் சுற்றினால், டேப்பின் நுனியைச் சின்ன முக்கோணமாக மடித்து விடுவார். அடுத்துப் பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். பிரிக்கப்போகிறவன் எவன் என்றே தெரியாது, அவன் மேல் அத்தனை கரிசனம்! வீட்டிலும் அப்படித்தான். பிஸ்கட் பாக்கெட், விரிசல் விட்ட ரிமோட், பீரோவில் இருக்கும் பழைய அட்டைப்பெட்டி, எதை எடுத்தாலும் அந்த மடிப்பு. "இந்த அக்கறையில பாதி என் மேல இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்பேன். அதெல்லாம் அவர் காதில் விழாது.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "நிக்காது, போங்க." அதைக் கேட்டபின் யாரும் திரும்பி எதையும் கேட்டதில்லை. நிம்மதியாக ஏறிப் போவார்கள்.

அந்தப் பேச்சு ஒரு பள்ளிக்கூட வேனோடு நின்றுபோயிற்று. வேன் டிரைவருக்கு ஒரே அவசரம். "கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க, பசங்க காத்துட்டு இருக்காங்க" என்று காலில் வெந்நீர் கொட்டியவன் மாதிரி குதித்தான். இவரும் இரக்கப்பட்டு விசாரணையை விட்டுவிட்டார். எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற பம்ப் சத்தம் சோர்ந்து கேட்டது என்று புது பம்ப் போட்டார். வேன் கிளம்பியது. "நிக்காது, போங்க" என்றார். சாயங்காலமே நடுரோட்டில், உள்ளே குழந்தைகளோடு நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோளாறு பம்பில் இல்லை, துருப்பிடித்துப்போன எர்த் வயரில். டிரைவர் ஷெட் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசினான். நான் கரண்டியோடு வெளியே ஓடினேன். இவர்தான் என் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். "அவர் சொல்றது சரிதான்" என்றார்.

அன்றிலிருந்து மனுஷன் மாறிப்போனார். ஸ்டூலில் உட்கார வைத்து விசாரிப்பதையும் விட்டுவிட்டார். முடித்த வேலையைப் பிரித்து மறுபடி பார்ப்பார். அதையும் பிரிப்பார். சாவியைக் கொடுக்கும்போது, "நின்னா போன் பண்ணுங்க" என்பார். மெக்கானிக்கே இப்படிச் சொன்னால் எவன் தைரியமாக ஏறி உட்காருவான்? வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல. ஷெட்டை விட்டுடலாம்" என்றார். என் தம்பியின் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போவதாக ஏற்பாடு. ஷெட்டுக்கு ஒரு டயர் கடைக்காரர் வரப்போகிறார். நான் கோபத்தில் கொஞ்ச நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

சாவியை ஒப்படைக்கிற நாள். டயர் கடைக்காரர் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். ஸ்பேனர் எல்லாம் சாக்கில் ஏறிவிட்டன. சுவரில் அவை தொங்கிய இடம் மட்டும் அழுக்குப் படியாமல் வெளுத்துத் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தெரு நர்ஸின் நீலக் காரை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரிடமிருந்தோ வாங்கிய பழைய கார்.

"அண்ணே, செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. தங்கச்சியையும் குழந்தையையும் இன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

"ஷெட் மூடியாச்சு சிஸ்டர். டாக்ஸி பிடிச்சுப் போயிடுங்க. வேற ஆளைப் பாருங்க."

"பார்த்துட்டேன். காலையில ஒருத்தர் வந்து, பம்ப் போயிடுச்சு, மாத்தணும்னு சொன்னாரு."

பம்ப் என்றதும் இவர் முகம் சுருங்கியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து, சாக்கின் கட்டை நானே அவிழ்த்தேன். "இன்னும் சாவி கொடுக்கல. மதியம் வரைக்கும் இது உங்க ஷெட்தான். பாருங்க."

முறைத்தார். ஆனாலும் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார்.

நர்ஸை செல்ஃப் அடிக்கச் சொன்னார். எஞ்சின் தெம்பாகச் சுற்றியது, பற்றத்தான் இல்லை. "பேட்டரி நல்லா இருக்கு." ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி நீலமாக வந்தது. சைலன்சர் பக்கம் குனிந்து மோந்தார். இத்தனை சுற்றியும் பெட்ரோல் வாசனை இல்லை. பிறகு பின்கதவைத் திறந்து சீட்டில் காதை வைத்துக்கொண்டு, சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொன்னார். சாவியைத் திருப்பினால் பம்ப் உள்ளே ஒரு நொடி முனக வேண்டும். சத்தமே இல்லை.

"அப்ப பம்ப்தானே அண்ணே?" என்றாள் நர்ஸ்.

இவர் பின் சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகிற வயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். எரியவில்லை. ஃபியூஸைப் பார்த்தார், முழுசாக இருந்தது. ரிலேவும் சரி. அங்கே வரைக்கும் வருகிற கரண்ட் பம்புக்கு வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ விட்டுப்போகிறது. இவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். விட்டுவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

ஆனால் ஸ்டூலை இழுத்தார்.

"உக்காருங்க சிஸ்டர். நேத்து என்ன பண்ணீங்க?"

எத்தனை மாசம் ஆயிற்று அந்தக் கேள்வியைக் கேட்டு!

"ஒண்ணுமே பண்ணலியே அண்ணே."

"சரி. கடைசியா வண்டி எப்ப ஓடுச்சு?"

"நேத்து டியூட்டி முடிச்சு வந்தேன். நல்லாத்தான் வந்துச்சு."

"வந்து?"

"வாசல்ல நிறுத்தினேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"ஆமா. குழந்தை சீட்டை மாட்டினேன், பூட்டிட்டு வந்துட்டேன்."

பின் சீட்டைத் தூக்குவதற்காகக் கழற்றி எடுத்த அந்தக் குட்டி சீட் எங்கள் மேஜைமேல்தான் இருந்தது. வந்ததிலிருந்து எல்லாரும் அதைக் கொஞ்சிக்கொண்டுதான் இருந்தோம், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"எப்படி மாட்டினீங்க? பெல்ட்டை எங்க விட்டு இழுத்தீங்க?"

"சீட்டுக்கு அடியில, ஓரமா. உள்ள போகவே இல்ல அண்ணே. முழங்கையால அழுத்தித் திணிச்சேன்."

இவர் கதவு வழியாக உள்ளே சாய்ந்து, தலையைச் சீட்டுக்கு அடியில் விட்டார். நான் டார்ச்சைப் பிடித்தேன். ஓரத்துக் கார்ப்பெட்டை உரித்தார். உள்ளே ஒரு வயர் கிளை பிரிந்து சீட்டின் அடிக்கம்பியை நோக்கிப் போயிற்று. கம்பெனி போட்ட வயர் இல்லை, யாரோ பிறகு இழுத்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் கறுப்பு டேப். டேப்பின் நுனியில் சின்ன முக்கோணம்.

"என்னங்க," என்றேன். "இது உங்க மடிப்பு."

அவர் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். முன்னொரு காலத்தில் இந்தப் பக்கம் கார் திருட்டு அதிகம். வண்டி வைத்திருந்தவர்கள் இவரிடம் வந்து, பம்ப் கரண்டை நிறுத்துகிற மாதிரி சின்ன சுவிட்ச் ஒன்றை ரகசியமாக வைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கார்களில் ஒன்று இது. வெள்ளையாக இருந்தது, நீலமாகிவிட்டது. கை மாறிக் கை மாறி வந்ததில் சுவிட்ச் இருப்பதைச் சொல்ல எல்லாரும் மறந்திருக்கிறார்கள். வைத்தவரும் மறந்துவிட்டார். நர்ஸின் முழங்கை அதைத் தேடிப்பிடித்து அமுக்கிவிட்டது.

"இத்தனை வருஷமா ஒட்டு விடல," என்றார், தனக்குத்தானே சொல்வது போல. சுவிட்சைத் தட்டினார். "சாவியைப் போடுங்க."

சீட்டுக்கு அடியில் பம்ப் முனகியது. செல்ஃப் ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நர்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தாள், உடனே அழுதாள். சுவிட்ச் இருக்கும் இடத்தை அவளுக்குக் காட்டி, முழங்கை படாதபடி அதை உள்ளே தள்ளி வைத்துக் கட்டினார். டேப் சுற்றினார். நுனியை மடித்தார். குழந்தை சீட்டையும் தானே மாட்டினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பானட் மேல் கையை வைத்து நின்றார். இனி சும்மா இருக்க மாட்டார், எதையாவது பிரிப்பார் என்று நினைத்தேன். நர்ஸ் கண்ணாடியை இறக்கினாள்.

"போகலாமா அண்ணே? வழியில நிக்காதே?"

"நின்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கையை எடுத்தார்.

"நிக்காது, போங்க."

கார் தெருமுனை திரும்பும் வரை நான் கண்ணைத் துடைக்கவே இல்லை. எனக்கு வெட்கமாகவும் இல்லை.

டயர் கடைக்காரர் சொன்னபடி மதியம் வந்தார். அவர் கார் கிறீச்சிட்டுக்கொண்டே வாசலில் நின்றது. "சாவி ரெடியா?" என்றபடி இறங்கினார். சாவி என் இடுப்பில் இருந்தது. கொடுக்க முடியாது என்று எப்படிச் சண்டை போடலாம் என நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் இவர் ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"சாவி இல்லண்ணே, மனசு மாறிடுச்சு. ஆனா உங்க வண்டி சத்தம் சரியில்லியே. உக்காருங்க. நேத்து என்ன பண்ணீங்க?"