லில்லியின் இருமல்

என் மகள் லில்லிக்குப் பிறந்த எட்டாம் மாதத்திலிருந்து இருமல். சாதாரண இருமல் இல்லை. ஆரம்பித்தால் முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பாள் பாருங்கள், எங்கிருந்தாலும் ஓடி வந்து தூக்கிக்கொள்வேன். மூன்று வயது வரை நான் செய்யாத வைத்தியம் இல்லை. தூதுவளை, கற்பூரவல்லி, ஆஸ்பத்திரி ஊசி என்று யார் எதைச் சொன்னாலும் செய்தேன். சபையில் ஜெபக் குறிப்பு சொல்ல எழும்போதெல்லாம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளைக்கு இருமல் நிற்கணும்." நான் எழுந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் பின்வரிசையில் இருப்பவர்கள் அதைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அன்பானவர்களே, அந்த ஜெபத்துக்குக் கர்த்தர் ஏன் மௌனமாக இருந்தார் என்று எனக்குத் தெரிந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது எண்பதுகளின் கடைசி. நாங்கள் அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. மூத்தவன் பள்ளிக்கூடம் போய்விடுவான். நான் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியனைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஒதுக்கி, தொங்கும் நூலை வெட்ட வேண்டும். லில்லியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டே போவேன். நான் மட்டுமில்லை, கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் அப்படித்தான்.

பனியன் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணியை வேஸ்ட் என்போம். மாடிப்படிக்குக் கீழே அது மலையாகக் குவிந்திருக்கும். அவ்வளவு மெத்தென்று இருக்கும். பிள்ளைகளை அதில்தான் தூங்கப் போடுவோம். "மொதலாளி ஊட்டுப் புள்ளைக்குக் கூட இப்படி மெத்தை கெடையாது" என்று எங்களுக்குள் கேலி வேறு. அந்தப் பஞ்சுத் தூசிதான் பிள்ளையின் நெஞ்சில் போய் உட்காருகிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஒரு கையால் இருமலுக்கு மருந்து கொடுத்தேன், மறு கையால் இருமலின் மேலேயே படுக்க வைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. விடாத மழை. முந்தின நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "நாளைக்கு வெளிநாட்டுலருந்து பையர் வர்றாருங்க. புள்ளைங்க ஒண்ணு கூட கண்ணுல படக்கூடாது. சத்தமும் கேக்கக்கூடாது. அப்பறம் என்னையக் கொற சொல்லாதீங்க." சரக்கை வாங்குகிறவர் வந்து பார்க்கும்போது கம்பெனிக்குள் குழந்தைகள் திரிந்தால் ஆர்டர் கை நழுவிப் போகும் என்று பயம். மற்றவர்கள் எப்படியோ பிள்ளைகளை எங்கெங்கோ விட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு விட இடமில்லை. லீவு போட்டிருக்கலாம். போடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சரக்கு முடிய வேண்டும், நான் இல்லாவிட்டால் செக்கிங் நடக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு.

காலையில் வேஸ்ட் குவியலுக்குப் பின்னால் ஒரு பழைய சேலையை விரித்து லில்லியைப் படுக்க வைத்தேன். அவள் இருமினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் இருமல் மருந்தை ஒரு ஸ்பூனுக்கு மூன்று ஸ்பூனாக ஊற்றினேன். ஆமாம், நான்தான் ஊற்றினேன். பெற்ற தாய்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சரசக்கா பார்த்துவிட்டார். "ஏ கண்ணு, இத்தனையா ஊத்துவாங்க?"

"நல்லாத் தூங்கட்டுங்க்கா. ஒரு நாளைக்குத்தானுங்களே."

வேலையில் உட்காருமுன் கண்ணை மூடி ஜெபித்தேன். ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நாள் இவள் இருமக் கூடாது. இன்றைக்கு ஒரு நாள் கரண்டு போகக் கூடாது. இந்த இரண்டைத்தான் கேட்டேன். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்டு நினைத்தால் போகும். போனால் மிஷின் நிற்கும், சரக்கு முடியாது. பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பையர் வந்தார், பார்த்தார், போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். லில்லி சுருண்டு தூங்கினாள். எழுப்பினால் அழுவாள் என்று விட்டுவிட்டேன். என் ஜெபம் பலித்தது என்று எனக்குள் ஒரு பெருமை.

டீ நேரத்தில் மறுபடி போனேன். சேலை இருந்தது. பிள்ளை இல்லை.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. சேலையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளை சேலைக்கு அடியிலா ஒளிந்திருக்கும்? கக்கூஸுக்கு ஓடினேன். இல்லை. பின்பக்கம் மழைத் தண்ணீர் நிரம்பிய தொட்டி ஒன்று உண்டு. அதற்குள் எட்டிப் பார்க்கக் கால் வரவில்லை. சரசக்காதான் போய்ப் பார்த்தார். "இங்க இல்ல சாமி, இங்க இல்ல." வாசலுக்கு ஓடினேன். ரோட்டில் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. வாட்ச்மேன் கையை விரித்தார். "ஒரு கொழந்தையும் வெளிய வரலீங்களே."

திரும்பி உள்ளே வந்து தையல் மிஷின்களுக்கு நடுவில் நின்று கத்தினேன். "லில்லி! லில்லி!" அத்தனை மிஷினும் ஓடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எதிரில் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். உலகத்தில் ஒருவருக்கும் என் குரல் கேட்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஜெபிக்கக் கண்ணை மூடினேன். "அப்பா... என் புள்ள" என்றேன். அவ்வளவுதான்.

கரண்டு போய்விட்டது.

எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் நின்றன. "அட, இப்பத்தானா போகணும்" என்று கம்பெனி முழுக்க முனகியது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. பிள்ளையும் போச்சு, கரண்டும் போச்சா? நீர் இருக்கிறீரா இல்லையா என்று மனதுக்குள் கேட்டே விட்டேன்.

அந்த அமைதியில் கேட்டது. மாடிப்படிப் பக்கமிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து, ஒரு இருமல். கடைசியில் ஒரு இழுப்பு.

அந்த இழுப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? மூன்று வருடம் அந்தச் சத்தத்துக்குத்தானே விழித்திருந்தேன். எழுந்து ஓடினேன். ஓடும்போதே அங்கிருந்து ஒரு ஆண் குரல் அலறியது. "யா அல்லா! இதுக்குள்ள யாரோ இருக்காங்க!"

அது காசிம் பாயின் குரல். காதர்பேட்டையிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து வேஸ்ட் எடுத்துப் போகிறவர். அவர் வேஸ்ட் கட்டுகிற விதத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஆள் உயரச் சாக்கில் துணியை அள்ளிப் போடுவார்கள். நிறைந்ததும் இரண்டு பேர் சேர்ந்து அதைத் தூக்கி, மேலே குறுக்கே போட்டிருக்கும் இரும்புக் குழாயில் வாய் திறந்தபடி தொங்கவிடுவார்கள். பாய் மேலேயிருந்து அதற்குள் இறங்கி, தன் முழுப் பாரத்தையும் கொடுத்து மிதிப்பார். மிதித்து மிதித்து, துணி கல் மாதிரி இறுகும். மேலும் துணி போட்டு மேலும் மிதிப்பார். பிறகு வாயைத் தைத்து டெம்போவில் ஏற்றிவிடுவார்கள்.

நான் போனபோது பாய் ஒரு காலைச் சாக்குக்குள் விட்டபடி, மேலே குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலைக் கீழே ஊன்றவும் முடியாமல், மேலே எடுக்கவும் தெரியாமல் தவித்தார். அந்தக் கால் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

நாலு பேர் சேர்ந்து சாக்கைக் கீழே இறக்கினார்கள். கத்தரியால் கிழித்தார்கள். வெள்ளைத் துண்டும் சிவப்புத் துண்டுமாகச் சரிந்து கொட்டியது. நடுவில் என் பிள்ளை. வியர்வையில் நனைந்து, தலையெல்லாம் நூல் ஒட்டி, அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து இருமினாள்.

என்ன நடந்திருக்கும் என்று பிறகுதான் சேர்த்துப் பார்த்தோம். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று, பாதி நிறைந்து தரையில் சாய்ந்து கிடந்த சாக்குக்குள் ஊர்ந்து போயிருக்கிறாள். மருந்து மயக்கத்தில் உள்ளேயே தூங்கிவிட்டாள். அது தெரியாமல் பாயின் ஆட்கள் மேலே துணியை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கரண்டு இருந்திருந்தால் மிஷின் சத்தத்தில் அந்த இருமல் பாய் காதில் விழுந்திருக்காது. என் மருந்து முழுசாக வேலை செய்திருந்தால் அவள் இருமியிருக்கவே மாட்டாள். நான் கேட்ட இரண்டையும் கர்த்தர் கொடுத்திருந்தால்... அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்கள். தலைப்பாகைக்கும் தலைக்கும் நடுவே இருந்தது ஒரு இருமல்தான்.

காசிம் பாய் தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கால்களையும் கையால் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "அம்மா, நான் மிதிச்சிருப்பேன்மா. ஒரு நிமிசம், மிதிச்சிருப்பேன்மா" என்றார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மருந்தின் அளவைக் கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். மூன்று ஸ்பூன் என்றேன். அவர் திட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். தூசியில் படுக்க வைத்தால் இந்த இருமல் எந்த மருந்துக்கும் அடங்காது என்று அன்று அவர்தான் எனக்குச் சொன்னார். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள். நான் கேட்டது மருந்தைத்தானே தவிர காரணத்தை இல்லை.

வீட்டில் கணவரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சாயக்கறை படிந்த கையால் லில்லியின் தலையிலிருந்து ஒவ்வொரு நூலாக எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி நூலையும் எடுத்துவிட்டு, "ரண்டு பேரும் சேந்துதான் தப்புப் பண்ணியிருக்கோம் புள்ள" என்றார். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றேன். பின்வரிசை வழக்கம்போல "இருமல் நிற்கணும்" என்று ஆரம்பித்தது. "இல்லீங்க, இன்னைக்கு அந்த இருமலுக்கு நன்றி சொல்லணுங்க" என்றேன்.

திங்கட்கிழமை நானே முதலாளி முன்னால் போய் நின்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று. "புள்ளைங்கள ஒளிச்சு வெச்சுத்தானுங்க இப்படி ஆச்சு. ஒளிக்காம வெக்கறதுக்கு ஒரு எடங் குடுங்க" என்றேன். அவர் எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய், இன்னும் அங்கேயே கிடந்த அந்தக் கிழிந்த சாக்கைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "பின்னால இருக்கற நூல் ரூமக் காலி பண்ணுங்க" என்றார். அங்கே நாலு தூளி கட்டினோம். வயதான ஒரு அக்காவைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். காசிம் பாய் அதற்குப் பிறகு எந்தச் சாக்கிலும் இறங்குமுன் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். வேறு ஆள் வந்து அவசரமாக இறங்கினால் செக்கிங்கில் இருக்கும் நாங்கள் அத்தனை பேரும் கத்துவோம், "கை உட்டுப் பாத்தீங்களா?"

என் அருமையான தாய்மார்களே, நீங்களும் கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பதில் வரவில்லையே என்று மனம் கசந்துபோயிருக்கும். கேட்பதை விடாதீர்கள். ஆனால் அவர் கொடுக்காமல் வைத்திருப்பதற்காகவும் அவரை நம்புங்கள். அப்படியே உங்கள் கண்ணையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஜெபிக்கிற கை பிள்ளையை எங்கே படுக்க வைக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

லில்லி இப்போது ஒன்பதாம் வகுப்பு. இருமல் முக்கால்வாசி போய்விட்டது. ஐப்பசி மழை பிடித்தால் மட்டும் வரும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருமுகிறாள். என் வாய் தானாக "ஸ்தோத்திரம்" என்கிறது. போய்க் கஷாயம் வைக்க வேண்டும்.