மூணு பாயின்ட்டும் ஒரு தையல் கடையும்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையைப் பிறந்த நேரத்திலிருந்து எழுதத் தொடங்குவது வழக்கம். மூணு பாயின்ட் என்று பெயர் வாங்கிய நம்மவர் விஷயத்தில் அது வீண் வேலை. அவர் உண்மையில் அவதரித்தது முப்பத்திரண்டாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு. அதுவரை அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்துப் படிவங்களைச் சரிபார்த்து, ஒன்றரைக்குச் சாப்பிட்டு, ஆறு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பிய சாதாரணப் பிறவி.

அந்தத் திங்கட்கிழமை, ஒரு ஆலோசனைக் கம்பெனியிலிருந்து மூன்று இளைஞர்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். கறுப்புக் கோட்டு. மீசை முளைத்ததற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. சுவரில் படம் போட்டு, "உங்கள் ஆபீஸில் படிவங்கள் அதிகம்" என்று அறிவித்தார்கள். டீ கொண்டுவருகிறவர் பதினெட்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னபோது யாரும் கைதட்டவில்லை. தட்டில் கிளாஸை வைத்துக்கொண்டு மூன்று பாயின்ட்டாகச் சொல்ல அவருக்கு வரவில்லை.

நம்மவர் கைதட்டினார். அடுத்த மாதம் வேலையை விட்டார்.

ஆலோசகர் ஆவதற்கு 'கேஸ் இன்டர்வியூ' என்று ஒரு கண்டம் உண்டு. "ஒரு கம்பெனிக்கு லாபம் குறைகிறது, ஏன்?" என்று கேட்பார்கள். அந்தக் கம்பெனியை நீங்கள் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தவனுக்குப் பதில் தெரிந்துவிடும், அதில் சுவாரசியம் இல்லை. பார்க்காதவன் ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, தாளில் தலைகீழாக ஒரு மரம் வரைந்து, கிளை கிளையாக இறங்கி வரவேண்டும். நடுநடுவே, நகரத்தில் எத்தனை சீப்பு விற்கும் என்பது போன்ற கணக்கும் கேட்பார்கள். தோற்றால் இரண்டு வருடத்துக்கு அந்த வாசலை மிதிக்க முடியாது. இன்டர்வியூவுக்கு ஆறு மாதம் இருந்தது.

ஆறு மாதமும் அவர் படித்த இடம் வீட்டின் முன்னறை. முன்னறை என்பது அவர் மனைவியின் தையல் கடை. புதிதாகத் தைக்கிற கடை இல்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பிடிக்கிற இடத்தில் பிரித்துவிடுவது. ஒரு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை, வந்தவர்கள் உட்கார ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில்தான் நம்மவர் குடியேறினார்.

"உள்ள போய்ப் படிங்களேன்," என்றாள் மனைவி, முதல் வாரமே.

"உள்ள சந்தை இல்லம்மா. சந்தை இங்கதான் வருது."

சந்தை வந்தது. பாங்க் மேனேஜரம்மா பேன்ட் இடுப்பைக் கொஞ்சம் விடச் சொல்லி வந்தார். மனைவி டேப்பைச் சுற்றி, யாருக்கும் கேட்காதபடி அளவைக் குறித்தாள். அதுதான் அந்தத் தொழிலின் மரியாதை. நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"மேடம், போன வருஷம் என்ன அளவு?"

"எதுக்குங்க?"

"வளர்ச்சி விகிதம் பாக்கத்தான். இப்படியே போனா அஞ்சு வருஷத்துல எங்க நிக்கும்னு ஒரு கணிப்பு..."

மேனேஜரம்மா அந்தப் பேன்ட்டை வாங்க ஆபீஸ் பியூனை அனுப்பினார். அப்புறம் அவரையும் அனுப்பவில்லை.

ஸ்கூல் டீச்சர் திரைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டில் மொத்தம் எத்தனை பாவாடை, ஒவ்வொன்றின் சராசரி ஆயுள் என்ன என்ற கேள்வி திரையைத் தாண்டிப் போனது. டீச்சர் குண்டூசியோடே வெளியே வந்து, குண்டூசியோடே தெருவில் இறங்கினார். ஒரு நாளைக்கு இருபது பேர் வந்த கடையில், ஐந்தாவது மாதம் ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வழி கேட்க வந்தவர்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கான மச்சான் வாரம் ஒருமுறை அக்காவைப் பார்க்க வருவான். "சாப்டீங்களா மாமா?" என்று அவன் தெரியாத்தனமாகக் கேட்டதற்கு, "அதை மூணு பாயின்ட்டா பாக்கலாம்," என்று பதில் வந்த நாளில்தான் பெயர் வைத்தான்.

"அக்கா, மூணு பாயின்ட் இங்கயே உக்காந்திருந்தா கடை எந்திரிக்காது."

"தெரியும்டா. நானும் அடுத்த மாசம் மெஷினுக்கு உறை போட்டு மூடிட வேண்டியதுதான்."

"நேராச் சொல்லிடேன்."

"சொன்னேன். அது என் கருத்தாம். தரவு வேணுமாம்." நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "ஒரே வழிதான் இருக்கு. இவருக்கு அந்த வேலை கிடைக்கணும்."

அன்றிலிருந்து தன் கணவரின் முன்னேற்றத்துக்காக அந்தப் பெண் பட்ட பாட்டை, கேள்விப்பட்டவர்கள் இன்றும் பதிபக்தி என்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டாள். இன்டர்வியூவுக்கு முந்தின வாரம், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று கேட்டாள்.

"ஒரு தையல் கடை. ஆறு மாசமா ஆள் வரத்து குறைஞ்சு போச்சு. ஏன்?"

"ஒரு நிமிஷம் எடுத்துக்கலாமா?"

"ஆறு மாசம் எடுத்தாச்சு. இதையும் எடுத்துக்குங்க."

துணி வெட்டும் காக்கித் தாளில் மரம் முளைத்தது. "க்ளையன்ட்டுக்கு எத்தனை கடை?"

"ஒண்ணுதான். அதுவே தாங்கல."

"விலை ஏத்தினாங்களா?"

"இல்ல. ஆறு மாசத்துக்கு முன்னாடி கடையில என்ன மாறுச்சுன்னு கேளுங்களேன்."

"நீ க்ளூ குடுக்கற. கேள்வி கேக்கறவங்க க்ளூ குடுக்கக் கூடாது."

"நானே சொல்றேன். ஒரு ஆள் வந்து உக்காந்தான்."

"புதுப் போட்டியாளரா?"

"சொந்தக்காரன்."

நம்மவர் மரத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். வாடிக்கையாளர், விலை, போட்டி, செலவு. சொந்தக்காரனுக்கு அதில் கிளை இல்லை. "இது இந்த மரத்துல வராதும்மா. பொருத்தமில்லாத தகவலை ஒதுக்கறதும் ஒரு திறமை," என்று அவளை ஒதுக்கிவிட்டு, தீர்ப்பு சொன்னார். "மூணு பாயின்ட். ஒண்ணு, போர்டை நீலமாக்கணும். ரெண்டு, போர்டை இன்னும் பெரிசாக்கணும். மூணு, முதல் ரெண்டையும் உடனே செய்யணும்."

மறுநாள் அவரே பெயின்ட் வாங்கி வந்து போர்டுக்கு நீலம் பூசினார். கடைக்கு யாரும் வராததால் இடைஞ்சல் இல்லாமல் வேலை முடிந்தது.

இன்டர்வியூ இருபத்திரண்டாவது மாடியில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட அறையில் நடந்தது. எதிரே இரண்டு பேர். பிஸ்கட் கம்பெனிக்கு ஏன் லாபம் குறைகிறது என்றார்கள். இவர் மரம் வரைந்தார். அவர்களிடமும் அதே மரம் இருந்தது. மூவரும் நெகிழ்ந்துபோனார்கள்.

"கடைசியா ஒண்ணு. இந்தக் கட்டடத்துல எத்தனை ஜன்னல் இருக்கும்?"

அப்போது வெளியே, கயிற்றில் தொங்கியபடி ஒருவர் அந்த ஜன்னலையே துடைத்துக்கொண்டிருந்தார். கட்டடத்தின் எல்லா ஜன்னலையும் துடைக்கிறவர் அவர்தான். நம்மவர் அவர் முகத்துக்கு நேரே கண்ணை மூடிக்கொண்டு, மாடிக்கு இவ்வளவு என்று அனுமானித்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று பெருக்கி, ஓரங்களுக்காகக் கொஞ்சம் கழித்து, இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு என்றார்.

"பிரமாதமான அணுகுமுறை," என்றார்கள். சரியான எண் அவர்களுக்கும் தெரியாது. தெரிந்தவர் சோப்பு நுரையை வழித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வேலை கிடைத்தது. செய்தி கேட்டு மனைவி அழுதேவிட்டாள். இத்தனை பாசமா என்று நம்மவர் பூரித்துப்போனார்.

அவர் வேலைக்குப் போன மூன்றாம் நாள், டீச்சர் தெருவோரம் நின்று கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார் இல்லையா?"

"வேலைக்குப் போயிட்டார் டீச்சர். இனிமே பகல்ல வர மாட்டார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

டீச்சர் பையிலிருந்து நாலு பாவாடையையும், பழைய குண்டூசிகளின் பொட்டலம் ஒன்றையும் எடுத்து வைத்தார். அந்த வாரம் ஒரு நாளைக்கு ஒன்பது பேர், அடுத்த வாரம் பதினைந்து பேர். மாதம் திரும்பும்போது பாங்க் மேனேஜரம்மா தானே நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூட்டம் பெருகியதை மூணு பாயின்ட் கவனிக்காமல் இல்லை. "பாத்தியா? நீலம்!" என்றார். ஆபீஸில் அதைப் படமாகப் போட்டுக் காட்டினார். ஒரு சிறுதொழில், ஒரு பரிந்துரை, ஒரே மாதத்தில் மும்மடங்கு. கறுப்புக் கோட்டுகள் கைதட்டின. இப்போது அவரை ஊர் ஊராகக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். அவர் வேலையை முடித்துக் கிளம்பியதும் அங்கெல்லாம் நிலைமை சீராகிவிடுவதாகத்தான் சொல்கிறார்கள்.

அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. ஒரு சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் கடை பூட்டியிருந்தது. நீல போர்டின் கீழே வெள்ளை எழுத்தில், 'சனி, ஞாயிறு விடுமுறை'.

"என்னம்மா இது? அன்னிக்குத்தானே கூட்டம் வரும்?"

"மூணு பாயின்ட் இருக்குங்க. ஒண்ணு, அன்னிக்கு நீங்க வீட்ல இருப்பீங்க."

"ரெண்டு?"

"ரெண்டும் அதேதான்."

"மூணாவது?"

"முதல் ரெண்டையும் நல்லா யோசிச்சுட்டேன்."

நம்மவர் நோட்டை எடுத்து, 'க்ளையன்ட் வருமானத்தைவிட என்னோடு இருப்பதையே விரும்புகிறார்' என்று எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டார்.