ஏரி மூடும் முன் கழற்றிய மோட்டார்

என் புருஷன் தைஸ்தோ பேசுகிற ஆள் இல்லை. எங்கள் சைமா ஏரிக்கரையில் யாருமே அவ்வளவாகப் பேசுவதில்லைதான். அதிலும் இவன் கஞ்சன். பேச்சில் மிச்சம் பிடிப்பதையெல்லாம் மோட்டாரில் செலவழிப்பான். அக்டோபர் வந்தால், ஏரி உறைந்து மூடும் முன், அக்கம்பக்கத்துப் படகு மோட்டார்கள் எல்லாம் எங்கள் கொட்டகைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றும்வரை ஓடவிடுவான். சிலிண்டருக்குள் எண்ணெய் அடிப்பான். அடியில் இருக்கும் கியர் எண்ணெயை வடித்துப் பார்ப்பான். அது பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். குளிரில் உறைந்து கூட்டையே பிளந்துவிடும். மோட்டாரை யாராவது படுக்க வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். பெண்டாட்டி காய்ச்சலில் படுத்தால்கூட இவ்வளவு பதறியதில்லை.

எதிர்த் தீவில் லெம்பி தனியாக இருக்கிறாள். அவள் கணவன் தௌனோவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்ததும், இந்தக் கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு லெம்பி படகில் வருவாள். தௌனோ பேரப்பிள்ளைகளை மறந்தார், நாய் செத்ததை மறந்தார். லெம்பியை வாசலில் கண்டால் மட்டும் "வந்துட்டியா" என்று முகம் மலர்வார். விடாமல் வந்துகொண்டே இருங்கள், உங்கள் முகம்தான் அவருக்கு மிச்சமிருக்கும் பிடிமானம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் அவள் தைஸ்தோவிடம் முன்கூட்டியே கேட்டிருந்தாள். "என் மோட்டாரைக் கடைசியா கழட்டு. ஏரி மூடற வரைக்கும் எனக்கு அது வேணும்."

எங்கள் பக்கம் ஒரு காலம் உண்டு. படகும் போகாது, ஐஸும் ஆளைத் தாங்காது. அந்த வாரங்களில் தீவுக்காரர்கள் தீவோடு கிடக்க வேண்டியதுதான். அது எவ்வளவு குறுகுமோ அவ்வளவு நல்லது என்பது மட்டும்தான் லெம்பியின் கணக்கு.

அந்த வருஷம் வடக்கேயிருந்து இவன் அண்ணன் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருந்தார். கிளம்பும் முன் எல்லா மோட்டாரையும் முடித்துவிட வேண்டும் என்று இவனுக்கு ஒரே அரிப்பு. ஒரு காலையில் நாணல் ஓரமாகக் கண்ணாடி போல ஐஸ் படிந்திருந்தது. அவ்வளவுதான், படகை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போய்விட்டான்.

"அடுத்த வாரம் ஏரி மூடிரும் லெம்பி. இப்பவே கழட்டிடறேன்."

"அவ்வளவு சீக்கிரமாவா?"

"நாணலைப் பாரு."

மோட்டார் விஷயத்தில் இவன் சொன்னால் இந்த ஏரியில் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. அவளும் கொடுத்துவிட்டாள். அன்றைக்கே எங்கள் படகையும் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பினான்.

திரும்பி வந்து காரைவிட்டு இறங்கியவன் முதலில் ஏரியைத்தான் பார்த்தான். தெற்கத்திக் காற்றில் அலையடித்துக்கொண்டிருந்தது. நாணல் ஓரத்து ஐஸ் இருந்த இடம் தெரியவில்லை. லெம்பியின் மோட்டார் கொட்டகையில் எண்ணெய் மினுக்கத்தோடு நிமிர்ந்து நின்றது.

"கொண்டுபோய் மாட்டிக் குடுத்துட்டு வாயேன். அரை நாள் வேலை" என்றேன்.

"வேணும்னா அவளே போன் பண்ணுவா."

"யாரு, லெம்பியா? வீடு பத்தி எரிஞ்சாலும், உங்களுக்கு வேலை இருந்தா வேண்டாம்னு சொல்றவ அவ."

"நானா போய் நின்னா, அவசரப்பட்டுக் கழட்டினதா ஆயிடும்."

"ஆகட்டுமே. நடந்தது அதுதானே?"

காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான். நான் லெம்பியிடம் பேசுகிறேன் என்றாலும், "என் வேலையில தலையிடாதே" என்று ஒரு கத்தல். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் கரைக்குப் போய் நின்று தீவைப் பார்ப்பான். ஏரி சீக்கிரம் உறைந்து தொலையாதா, தன் பேச்சு மெய்யாகாதா என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தான், பாவி. ஏரி டிசம்பரில்தான் மூடியது. மூடிய பிறகும் ஆள் நடக்கிற அளவுக்குக் கெட்டிப்பட ஜனவரி ஆகிவிட்டது.

ஐஸ் தாங்கிய முதல் நாளே லெம்பி சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இல்லத்துக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"'சிஸ்டர், என் பொண்டாட்டி வர்ற நேரம், வந்தா உள்ள விடுங்க'ன்னு என்கிட்டயே சொல்றார்" என்றாள். "ரொட்டியக் குடுத்தேன். அவ சுடற மாதிரியே இருக்குன்னு சாப்பிட்டார்."

தைஸ்தோ மேஜையைப் பார்த்தபடி சொன்னான்: "தப்பு என்னுது லெம்பி. வேட்டைக்குப் போற அவசரத்துல கழட்டிட்டேன். வந்த பிறகாவது மாட்டியிருக்கலாம். அதையும் செய்யல."

"தெரியும்ப்பா. நானும் தினம் போனை மடியில வச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். அலைஞ்சுட்டு வந்திருப்பே, தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு இருந்துட்டேன்."

நாலு அறை விட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளோ காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் எல்லோருடைய மோட்டாரும் கொட்டகைக்கு வந்தன, லெம்பியுடையது தவிர. போனைக் கண்டாலே ஓடுகிறவன், வியாழன்தோறும் தானே கூப்பிட்டு, "நாளைக்குப் போகணும்ல? பெட்ரோல் இருக்கா? நான் வரட்டுமா?" என்று கேட்டான். நவம்பரில் ஒரு வியாழன் அப்படிக் கூப்பிட்டபோது அவளே இவனைத் தீவுக்கு வரச் சொன்னாள். மோட்டாரில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஸ்பானர் பெட்டியோடு போனான்.

"கழட்டிடு தைஸ்தோ" என்றிருக்கிறாள்.

"எதுக்கு? ஏரி திறந்துதானே கிடக்கு. இன்னும் ஒரு மாசம் தாராளமா ஓட்டலாம்."

"நான் போகலேன்னா அவர் தேடப்போறதில்ல. அங்க சிஸ்டர்ங்க நிறைய பேர் இருக்காங்க."

இவன் பெட்டியைக்கூடத் திறக்கவில்லையாம். அவள் படகிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறான். இதையெல்லாம் இவனா வந்து என்னிடம் சொல்வான்? லெம்பிதான் எனக்குப் போன் செய்தாள். அத்தனை வருஷத்தில் அவளாக எங்கள் வீட்டுக்குப் போன் செய்து உதவி என்று கேட்டது அது ஒன்றுதான்.

"அவன் கிளம்பிட்டான். கரைக்குப் போய் நில்லு" என்றாள். "கண்ணு சரியாத் தெரியாம ஓட்டிட்டு வர்றான்."