மண் இறங்குவது நின்றபோது

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு கட்டும் வேலையில் நான் சர்வே பொறியாளராக இருந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தங்கியிருந்தது ஒரகடத்தில், பெண்கள் விடுதியில். கிடங்கு வரவேண்டிய இடம் முன்பு ஏரிப் பாசன வயல். கீழே ஈரம் ஊறிய களிமண். அப்படியே கட்டினால் தரை அங்கங்கே உள்வாங்கிவிடும். அதனால் முதலில் மண்ணை மலைபோலக் குவித்து, மாதக்கணக்கில் அழுத்தவிடுவார்கள். களிமண்ணிலிருந்து நீர் கசிந்து, நிலம் இறங்க வேண்டியது இறங்கியபின் மேட்டை அள்ளிவிட்டுக் கட்டத் தொடங்குவார்கள்.

எவ்வளவு இறங்கியது என்று அளப்பது என் வேலை. மேட்டின் அடியில் பதித்த இரும்புத் தகடுகளிலிருந்து கம்பிகள் உச்சிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே ஓரமாக, பழைய வாய்க்கால்மேல் ஒரு சிறு பாலம். அதன்மேல் நான் சேர்வதற்கு முன்பே யாரோ சிவப்புப் பெயின்ட்டில் குறி போட்டிருந்தார்கள். பாலம் அசையாது என்று வைத்துக்கொண்டு, அந்தக் குறியிலிருந்துதான் கம்பிகளின் உயரத்தைக் கணக்கிடுவோம்.

பாலத்தை ஒட்டி ஒரு வீடு. தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்க்கும் ஒரு அக்கா அங்கே இருந்தார். முதல் நாளே என்னை நிறுத்திக் கேட்டார்:

"இன்னாத்த பொதச்சுக்கினு கீறீங்க உள்ளே?"

"ஒண்ணும் புதைக்கலக்கா. வெறும் மண்ணுதான்."

"வெறும் மண்ணுக்கா இத்தினி லாரி?"

நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

மேட்டைக் கிழக்கே, பாலத்தின் பக்கமாக நீட்டினார்கள். அதன்பிறகு என் அளவுகள் மாறின. இறங்கிக்கொண்டிருந்த கம்பிகள் நின்றுபோயின. எங்கள் மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நின்னுடுச்சுல்ல? அடுத்த மாசம் மண்ண எடுத்துடலாம்."

"இவ்வளவு சீக்கிரம் நிக்காது சார்."

"உனக்கு எதுலதான்மா சந்தேகம் இல்ல?"

அடுத்த வாரம் இரண்டு கம்பிகள் லேசாக மேலே வந்திருந்தன. அவ்வளவு பாரத்துக்கு அடியில் கிடக்கும் தகடு எப்படி எழும்பும்? யாரோ கம்பியை இழுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். முதலில் பொக்லைன் ஓட்டுநர்மேல் சந்தேகம். பிறகு மேனேஜர்மேலேயே. வேலை முடிந்ததாகக் காட்ட அவருக்குத்தானே அவசரம்? யாருக்கும் சொல்லாமல் கம்பித் துண்டுகளைத் திருகிச் சேர்த்த இணைப்புகளில் ஈரக் களிமண்ணைப் பூசிவைத்தேன். தொட்டால் உதிரும். சில நாள் கழித்துப் பார்த்தேன். காய்ந்து வெடித்திருந்ததே தவிர, ஒரு துணுக்குகூட விழவில்லை. யாரும் தொடவில்லை. ஆனால் கம்பி இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. என் கருவியையும் என் கண்ணையும்கூட நம்ப முடியாமல் போயிற்று.

அன்றைக்குத்தான் அந்த அக்கா கேட்டில் வந்து சத்தம் போட்டார்.

"மண்ணக் கொட்டிக் கொட்டி என் வூட்ட இழுத்துட்டீங்க! யாராச்சும் வந்து பாருங்க!"

"இந்த ஊர்ல விரிசல் இல்லாத வீடு எது?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போய்விட்டார். நான் போனேன்.

பின்சுவரில் ஒரு விரிசல் மூலைக்கு மூலை ஓடியிருந்தது. கதவு நிலையில் சிக்கிச் சாத்த வரவில்லை. "போன மாசம் இது இல்ல, தெரியுமா?" என்றார். வாசலுக்கு வந்து நின்றேன். எட்டித் தொடும் தூரத்தில் பாலம். அதன்மேல் சிவப்புக் குறி. வீடு இறங்கினால் அதே மண்ணில் நிற்கிற பாலம் மட்டும் எப்படி இறங்காமல் இருக்கும்? தகடுகள் எழும்பவேயில்லை. நாங்கள் அசையாது என்று நம்பிய குறிதான் கீழே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஆழத் தூண்கள் மேல் நிற்கும் நெடுஞ்சாலை மேம்பாலத்திலிருந்து உயரத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். சிவப்புக் குறி தாழ்ந்துதான் போயிருந்தது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால், வேகம் குறைந்திருந்தாலும் மண் இறங்குவது நிற்கவேயில்லை.

கணக்குத் தாளை மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த வீட்டம்மாகூட உனக்கு என்ன பேச்சு? யார் சொல்லி இத செஞ்ச?"

"நீங்களே ஆள் விட்டு அளந்து பாருங்க சார்."

வெளியிலிருந்து ஆள் வரவழைத்து அளந்தார். அதே எண்தான் வந்தது. அதன்பின் என்னிடம் அவர் அதிகம் பேசவில்லை. ஆனால் மேட்டை எடுக்கும் பேச்சு நின்றது. வீட்டுப் பக்கம் குவித்ததைப் பின்னால் தள்ளினார்கள். மழைக்காலம் முழுக்க மேடு அப்படியே கிடந்தது. பாலமும் வீடும் நிலைத்துவிட்டன என்று அளந்து உறுதிசெய்தபின், கம்பெனி ஆட்கள் பின்சுவரை இடித்துக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த அக்கா கேன்டீனுக்கு லீவு போட்டுவிட்டு, கொத்தனார் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பூச்சு காய்ந்த அன்று பார்க்கப் போனேன். காபி கொடுத்தார்.

"இது மறுபடி வெடிச்சா உன்ன எங்க வந்து புடிக்கிறது?"

என் நம்பரைச் சொன்னேன். அங்கேயே, என் முகத்தைப் பார்த்தபடியே அழைத்துப் பார்த்தார். என் பையில் மணி அடித்த பிறகுதான், "சரி, போய்ட்டு வா" என்றார்.