வரிசையில் நின்ற நீலக் குடம்

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் என் மகள் இன்று இல்லை. அது பொய்யில்லை.

தெருவே வாந்தி பேதியில் விழுந்திருந்த மாதம் அது. குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லாரித் தண்ணீர்தான். அதுவும் இரண்டு நாளைக்கு ஒரு முறை, பகல் இரண்டு மணிக்கு. எதிரே இருந்த அடுக்குமாடிக்குத் தினமும் உண்டு. அவர்கள் தொட்டி நிரம்பிய பிறகு மிஞ்சியதுதான் எங்களுக்கு. "அவங்க பூச்செடிக்கும் பேதி போல, பாவம்" என்பாள் தையல்கார அக்கா. சிரிப்போம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். வரிசையில் குடம் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். அடுத்தவர் குடத்தை யாரும் தொடமாட்டார்கள்.

நான் தொட்டேன்.

வீட்டில் மகள் நாக்கு வறண்டு கிடந்தாள். லாரியில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் அக்காவின் நீலப் பிளாஸ்டிக் குடம், கழுத்தில் சிவப்புத் துணி கட்டியது. எட்டி உதைத்தேன். அக்கா ஓடிவந்து என் முடியைப் பிடித்தாள். என் எவர்சில்வர் குடத்தால் அடித்தேன். மூன்று முறை. மண்டை பிளந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரத்தம் லாரிச் சக்கரம் வரை ஓடியது. பின்னால் நின்றவர்கள் அவளைத் தாண்டி வந்து தண்ணீர் பிடித்தார்கள். நானும் பிடித்தேன்.

வழுக்கி விழுந்து செத்தாள் என்று தெருவே போலீசிடம் சொன்னது.

அடுத்த முறை, 1.50க்கே குடத்தை வைத்தேன். எனக்கு முன்னால் நீலக் குடம். சிவப்புத் துணி. யார் வைத்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. யாரும் தொடவில்லை.

2.10. லாரி வந்தது. என் முறைக்கு முன்பே தீர்ந்தது. எல்லோரும் போய்விட்டார்கள்.

டொக்... டொக்... டொக்...

நீலக் குடத்துக்குள்ளிருந்து.

எட்டிப் பார்த்தேன். கழுத்து வரை தண்ணீர்.

கை வைத்தேன்.

காதருகே மூச்சு.

"குடம் இருந்தா... ஆளு இருக்குடி."

திரும்பினேன். வெயில் மட்டும்.

என் குடத்தில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். மகள் மூன்று வாய் குடித்தாள். 2.40க்கு அடங்கிவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, நானே ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். காவலர் பீரோவைத் திறந்து ஒரு சாக்கைக் காட்டினார். உள்ளே நீலக் குடம். அக்கா செத்த அன்றே எடுத்து வந்து சீல் வைத்ததாம். இதுவரை யாரும் பிரிக்கவில்லையாம்.

சீல் உடையவில்லைதான்.

சாக்கின் அடி நனைந்திருந்தது.