அக்காவுக்கு மட்டும் கொடுத்த முகவரி

கணவரை விட்டுப் பிரிந்த வாரமே தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் மாற்றினேன். பழைய மின்னஞ்சலின் கடவுச்சொல் அவருக்குத் தெரியும். சேர்ந்திருந்த காலத்தில் நான் வேலைக்கு விண்ணப்பித்தால், நேர்முகப் பரீட்சை நாளில் எனக்கு முன்பே அந்த அலுவலக வாசலில் நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். சிரிப்பார்.

கடுகண்ணாவையில் ரயில் பாதையோரம் ஓர் அறை எடுத்தேன். கண்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. பக்கத்து மேசையில் தெல்தெனியவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். புது மின்னஞ்சலை யாருக்கும் கொடுக்க நான் பயப்படுவதைக் கவனித்துவிட்டு ஒருநாள் சொன்னாள்.

"ஒவ்வொரு எடத்துக்கும் ஒவ்வொரு முகமூடி அட்ரஸ் குடுங்க மிஸ். எல்லாம் ஒங்கட பெட்டிக்குத்தான் வரும். ஒண்டுல தொல்லை வந்தா அத மட்டும் மூடிடலாம். ஒங்கட உண்மையான அட்ரஸ் ஒருத்தருக்கும் தெரியாது."

அவளே என் போனில் செய்து காட்டினாள். வங்கிக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, பார்சல் கடைக்கு ஒன்று என்று கொடுத்தேன். கலஹாவில் தோட்டப் பாடசாலை ஆசிரியையாக இருக்கும் என் அக்காவுக்கும் ஒன்று. அவளுடைய போனை என் கணவர் வாங்கிப் பார்ப்பார் என்று இலக்கத்தைக் கொடுக்கவில்லை; மின்னஞ்சலை அவள் கணினியில்தான் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, அக்கா நீளமாக எழுதுவாள். நானும் என் ஊரையும் ரயில் பாதையோர அறையையும் பற்றிப் பதில் எழுதுவேன். பிறந்த வீட்டோடு எனக்கு மிஞ்சியிருந்த தொடர்பு அந்தக் கடிதங்கள்தான்.

ஏழாவது மாதம் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'கடுகண்ணாவையில் நல்ல மழையாமே. தண்டவாளத்தோரம் பார்த்து நட.'

வங்கியா, பார்சல் கடையா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் அது எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்தேன். அக்காவுக்கு மட்டும் கொடுத்த முகவரி. திரும்பத் திரும்ப எழுத்தெழுத்தாக வாசித்தேன். வேறொன்றாக இருந்துவிடக் கூடாதா என்றிருந்தது.

சனிக்கிழமை பேராதனையில் பஸ் ஏறிக் கலஹா போனேன். அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"வாசல்ல ஒக்காந்து அழுதாருடி. ரெண்டு மணி நேரம். ஒரு மன்னிப்பு கேட்டுக்கிறேன்னு சொன்னாரு. மெயில்தானேன்னு குடுத்துட்டேன்."

"ஊரையும் சொன்னியா?"

அவள் உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"ரயில் ரோட்டையும் சொல்லிட்ட, என்ன?"

"கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு மறைக்கத் தெரியல."

கத்தவேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், குடிக்காமல் திரும்பிவிட்டேன். பஸ்ஸிலேயே அந்த முகவரியை மூடினேன். ஒரு தடவை விரலை வைத்தால் போதும், அவ்வளவு சுலபம். அவருடைய கடிதங்களோடு அக்காவின் ஞாயிறுகளும் நின்றுபோயின. அந்த மாதமே அறையையும் மாற்றினேன்.

கிறிஸ்மஸுக்கு முன் மனம் கேட்காமல் மறுபடி கலஹா போனேன். அக்காவுக்காக ஒரு புது முகவரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதை நீட்டியபோது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம். எங்க இருக்கேன்னும் சொல்லாத. திரும்ப வந்து அழுதாருன்னா எனக்குத் தாங்காது. நீயே வந்து என்னைப் பாத்துட்டுப் போ."

இப்போது அப்படித்தான் போய்வருகிறேன். எந்த நாளில் வருவேன் என்று முன்கூட்டி அவளிடம் சொல்வதில்லை.