பழைய பாஸ்வேர்டு

எங்கள் ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது, செத்துப்போன ஒரு குழந்தையின் பேரைச் சத்தமாகச் சொல்வோம். அதுதான் எங்கள் பாஸ்வேர்டு.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். பில் போடுகிற சாஃப்ட்வேருக்கு முதலாளி ஒரே ஒரு ஐடிதான் வாங்கியிருந்தார். ஆளுக்கொன்று கேட்டால், "ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல் வைக்கிறது?" என்பார். அந்த ஐடி பில்லிங் அக்காவின் பேரில் இருந்தது. செத்த நேரம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும். "அக்கா, பாஸ்வேர்டு!" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். அக்கா தன் மகளின் பேரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்துச் சொல்வாள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது டெங்குவில் போன பிள்ளை. விஷயம் தெரிந்த அன்று எனக்கு வாய் கூசியது. "வேற மாத்திருவமாக்கா?" என்றேன்.

"ஏன்டி? வீட்ல ஒருத்தரும் அவ பேரை எடுக்கிறதில்ல. நான் அழுதுருவேன்னு பயம். போட்டோவக் கூட அவுக அப்பா உள்ள எடுத்து வச்சுட்டாரு. இங்கதான் இம்புட்டுப் பேரு அவளச் சொல்றீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அதற்கப்புறம் ஞாபகம் இருந்தாலும் கேட்பேன்.

ஒருநாள் காலையில் எல்லா ஸ்கிரீனும் பூட்டிக்கொண்டன. கப்பல்காரர்கள் அனுப்பியதுபோல் வந்த ஒரு மெயிலில் இருந்த பில்லை யாரோ திறந்து வைரஸை உள்ளே விட்டிருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கம்ப்யூட்டரைக் கேட்டால் அக்கா என்றது. அக்காவோ அன்றைக்கு நத்தத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். அதனால் அவள் வேலை தப்பியது. ஒரே வாசல் வைத்த மனிதரை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சரிசெய்ய மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். "திண்டுக்கல்காரங்களுக்குப் பூட்டப் பத்தி நான் சொல்லணுமா?" என்று ஆரம்பித்தார். வெளியூர்க்காரர் எல்லாரும் இதைச் சொல்லிவிட்டு, நாம் சிரிப்போம் என்று காத்திருப்பார்கள். ஆளுக்கொரு ஐடி, யாருக்கும் சொல்லக்கூடாது, பிள்ளைகள் பேரை வைக்கவே கூடாது என்றார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கு ஆத்திரமே அதுதான்.

ஒவ்வொருவராகப் போய்ப் புது பாஸ்வேர்டு போட்டோம். அக்கா முறை வந்தது. அடித்தாள், சிவப்பு எழுத்து வந்தது. திரும்ப நிதானமாக அடித்தாள். திரும்பவும் சிவப்பு.

அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார். "பழச ஏத்துக்காதும்மா. அத மறந்துருங்க."

அவருக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் எல்லாரும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா வேறு ஏதோ அடித்தாள், ஏற்றுக்கொண்டது. அது என்னவென்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

அதன் பிறகு ஆபீஸ் ரொம்பப் பத்திரமாக இருந்தது. குரல் கொடுக்க யாருக்கும் ஒன்றுமில்லை.

தாங்காமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "அக்கா, நம்ம பழைய பாஸ்வேர்டு என்னக்கா? மறந்துபோச்சு."

அக்கா தன் டப்பாவிலிருந்த வெஞ்சனத்தை என் சோற்றில் தள்ளினாள்.

"அதான் இனிமே செல்லாதுன்னுட்டாகளேடி" என்றாள்.